வயற்படத்திற் குறிகள் பிழைத்தால் செய்ய வேண்டியவை

நெற்பயிரிற் கபில நிறத் தத்தி, அதாவது அறக்கொட்டியான், காணப்பட்டால் அவ்விடத்தை அன்றே குறித்து அறிவித்தல் வேண்டும். தத்தி பெருகிய இடத்திற் பயிர் சில நாட்களிலேயே எரிந்தது போலக் கருகிவிடும். வயலின் இடத்தைக் கைத்தொலைபேசியால் இணையப் படத்திற் குறிக்கும் முறை இன்று கமக்காரர் கைக்கும் எட்டியுள்ளது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் சேனாப் படைப்புழுவிற்கென்றே இத்தகைய செயலியொன்றை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆனாற் குறி தவறினால், பார்வையிட வருவோர் வேறொரு வட்டையில் நின்று தேடுவர், தத்தியோ காத்திராது.

படத்தின் நிலத்தோற்றமும் அதன்மேல் வரும் குறிகளும் வெவ்வேறாக வந்து சேர்வன. குறிகள் தோன்றி, நிலம் சாம்பல் நிறக் கட்டங்களாக நின்றால், தொலைபேசித் தொடர்பு நலிந்துள்ளது எனக் கொள்ளலாம். சிறிது பொறுத்தால் போதும். நிலம் தெளிவாகத் தோன்றியும் குறிகள் வாராவிடின், பிழை பெரும்பாலும் பட்டியலில் உள்ளது. அப்பொழுது படத்தை உலகம் முழுவதும் தெரியுமாறு சுருக்கிப் பார்த்தல் வேண்டும். காணாமற்போன வயல் எங்கேனும் அகப்படும்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்தில் அகலக்கோடு 7 என்றும் நெடுங்கோடு 81 என்றும் தொடங்கும். இவ்விரண்டும் இடம் மாறினால் உமது வயல் வடதுருவப் பனிக்கடலில் நிற்கும். இம்மாற்றம் எளிதில் நேர்வது. நாம் அகலக்கோட்டை முதலிற் சொல்கிறோம்; ஜியோஜேசன் என்னும் கோப்பு வகையோ நெடுங்கோட்டை முதலில் வைக்கும். குறி ஆபிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் நின்றால், எண்கள் வெறுமையாக விடப்பட்டுச் சுழியமாகக் கொள்ளப்பட்டன என்பது பொருள்.

இவை கண்ணிற் படும் பிழைகள். கண்ணிற் படாத பிழையே கேடு விளைப்பது. 7 பாகை 24 கலை 30 விகலை என்பதைச் சிலர் 7.2430 என எழுதிவிடுகின்றனர். பாகையொன்றுக்கு 60 கலையும் கலையொன்றுக்கு 60 விகலையும் ஆதலின், சரியான எண் 7.4083 ஆகும். அவ்வாறே 81 பாகை 48 கலை 30 விகலை என்பது 81.8083, 81.4830 அன்று. இரண்டையும் பிழையாக எழுதினாற் கல்முனை வயல் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் விலகி, சேனாநாயக்க சமுத்திரத்தின் அயலிற் போய் நிற்கும். அதுவும் நம் மாவட்டமே ஆகையால் எவரும் ஐயுறார்.

தசமத்தின் பின் இரண்டு இலக்கம் மட்டும் எழுதுவதும் போதாது. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். எனவே இரண்டாம் இலக்கம் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அளவைக் காட்டும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கமோ 64 மீற்றரே. ஐந்து இலக்கம் எழுதுக. தென்னையின் கீழும் மதிலோரத்திலும் தொலைபேசி தடுமாறுமாதலின், மரக்கறிப் பாத்தி உடையோர் வெளியான இடத்தில் நின்று, எண்கள் அசையாது நிலைத்த பின் குறித்தல் நன்று.

பட்டியலைக் கணினியில் ஏற்றுவோர்க்கு ஒரு சொல். காற்புள்ளியாற் பிரிக்கப்படும் கோப்பில், வட்டையின் பெயருக்கும் ஊருக்கும் இடையே ஒரு காற்புள்ளி இட்டால் அதன் பின்னுள்ள நிரல்கள் யாவும் ஒவ்வோர் இடம் தள்ளிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்கள் படத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும்; அவற்றை யூனிகோட்டிற்கு மாற்றுக. பிழையான வரி எதுவெனத் தெரியாவிடின், பாதிப் பட்டியலை மட்டும் ஏற்றுக. அது சரியெனின் பிழை மறுபாதியில் உள்ளது, அதனையும் பாதியாக்குக. ஒரு வரியே பிழையாயின், 200 வரிகளாயினும் எட்டு முறைக்குள் அது அகப்படும். (ஒவ்வொரு வரியாகப் படித்துக் கண் சோர்வோரே அதிகம்.)

திருத்திய பின்னும் பழைய படமே தோன்றினால், தொலைபேசி தன்னிடம் சேமித்த பழைய பிரதியைக் காட்டுகின்றது. பக்கத்தைப் புதிதாக ஏற்றுக. பத்து வயலைக் குறித்தும் ஒன்றே தெரிந்தால், வீட்டிலிருந்தபடியே எல்லாம் குறிக்கப்பட்டனவோ எனப் பார்க்க. ஒரே எண்ணுடைய குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்து நிற்கும்.

குறித்த எண்களைத் தாளிலும் எழுதி, வரம்பில் நின்றவாறே வட்டை விதானையாருக்கு வாசித்துக் காட்டுக. அவர் தம் தொலைபேசியில் அதே எண்களை இட்டு, உமது வயலையே காண்கின்றாரா எனக் கேட்டபின் அனுப்புக.