கப்பல் வாந்தியும் கல்யாண மண்டப வாந்தியும்

"கப்பல்ல போனவன் எவன் வயிறு நல்லா இருந்து திரும்பியிருக்கான்?" செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்தக் கேள்வி பழமொழி அளவுக்குப் புழங்க ஆரம்பித்துவிட்டது. சென்னைத் துறைமுகத்துக்குச் சொகுசுக் கப்பல் வருகிறது என்று செய்தி வந்தால் போதும். திருக்கழுக்குன்றத்து மருந்துக் கடையில், மாமல்லபுரத்து இளநீர்க் கடையில், ஈ.சி.ஆர். பேருந்தின் பின் இருக்கையில் யாரோ ஒருவருடைய சகலை கப்பலில் போய் வாந்திபேதியோடு இறங்கியிருப்பார். அந்தச் சகலையை நேரில் பார்த்தவர் எவரும் கிடையாது. ஆதாரமாக ஒரு வாட்ஸ்அப் வீடியோ காட்டப்படும். அதில் வெள்ளைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது.

கப்பல் ஒரு நோய்க்கூடு, ஏறினால் வாந்திபேதியோடுதான் இறங்க வேண்டும் என்ற இந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். படித்தவர்களே இதைச் சொல்லித் திரிவதால் பொறுமையும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

பயத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மூட்டை முடிச்சோடு தமிழர்களைச் சுமந்த 'ரஜூலா' கப்பலில் நம் தாத்தாக்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இறங்கியதும் செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். காலராவும் பெரியம்மையும் நிஜமான எமன்களாக இருந்த காலம் அது. தாத்தாவின் பயத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமையில்லை. பேரன் அதே பயத்தைப் 11 தளக் கப்பல் ஒன்றின்மேல் ஏற்றுவதுதான் சகிக்கவில்லை.

அந்தப் 11 தளக் கப்பல் 'எம்பிரஸ்'. 1990-இல் பிரான்சில் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,800 பயணிகள் போகலாம். 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். மறு ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைக்க, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வந்தது. ஜூனில் ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்பதற்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விஷயம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மும்பை, கோவா பக்கம் ஓட்ட முடியாது. சென்னைக் கடல் அப்போது சாதுவாக இருக்கும்.

சரி, வாந்திபேதிக்கு வருவோம். "கப்பலில் 200 பேருக்கு வயிற்றுப்போக்கு" என்று செய்தி வருகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அப்படி ஒரு செய்தி வருவதற்குக் காரணம், கப்பலில் யாரோ உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975-லிருந்து பயணிக் கப்பல்களுக்கென்றே ஒரு சுகாதாரத் திட்டம் நடத்துகிறது. அதன் கீழ் வரும் கப்பலில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ ஒருவருக்கு வயிற்றுப்போக்கு ஆனால் பெயர் ஏடு ஏறும். வாந்தியோடு காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்தாலும் ஏறும். வெறும் வாந்தி மட்டும் என்றால் கணக்கில் வராது. கடல் மயக்கமும் நோயும் குழம்பிவிடக்கூடாது என்பதால் இந்தக் கவனம். பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு வந்துவிட்டால் அது நோய்ப்பரவல். கப்பல் பெயரோடும் தேதியோடும் உலகம் பார்க்க வெளியிடுவார்கள். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி ஏறிச் சமையற்கட்டைக் குடைந்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 86-க்குக் கீழே போனால் அந்தக் கப்பல் தோல்வி.

இதே அளவுகோலோடு ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். ஆவணி முகூர்த்தம், மதுராந்தகம் பக்கம் ஒரு மண்டபம், 800 பேர் சாப்பாடு. மறுநாள் 24 பேருக்கு வயிறு சரியில்லை. கணக்குப்படி சரியாக 3 விழுக்காடு. கப்பலாக இருந்தால் சர்வதேசச் செய்தி. மண்டபமாக இருப்பதால் என்ன நடக்கும்? ஒருவர் "ஐஸ்கிரீம் சேரல" என்பார். இன்னொருவர் "பால் பாயசம் நேத்தே லேசா வாடை" என்பார். மாமியார் கண்திருஷ்டி என்பார். ஆளாளுக்குத் தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நம் நாட்டிலும் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் பதிவாகும் நோய்ப்பரவல்களில் வயிற்றுப்போக்கும் உணவு நஞ்சாதலும்தான் தொடர்ந்து முன்வரிசையில் நிற்கின்றன. ஆனால் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால்தானே பதிவாகும்? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலை மிதிக்காத வயிற்றுப்போக்கு எந்தக் கணக்கிலும் ஏறாது. எண்ணாத இடம் சுத்தமான இடமாகிவிடுகிறது. எண்ணிய கப்பலுக்குக் கெட்ட பெயர்.

எண்களையே பார்ப்போம். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் 2006-இல் ஒரு லட்சம் பயண நாட்களுக்கு 32.5 பயணிகளுக்கு வயிற்றுக்கோளாறு பதிவானது. 2019-இல் அது 16.9 ஆகக் குறைந்தது. 1,800 பேர் 5 நாள் போனால் 9,000 பயண நாட்கள். அந்த விகிதத்தில் ஒன்றரை ஆள். அந்த ஒன்றரை ஆளில் ஒருவர் நிச்சயமாகச் சகலையாகத்தான் இருந்திருக்க வேண்டும் போலும்! 2024-இல் அதே அமெரிக்கத் திட்டத்தில் 18 நோய்ப்பரவல்கள் அறிவிக்கப்பட்டன; அது முந்தைய ஆண்டைவிடக் கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அமெரிக்காவில் பதிவாகும், வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் பரவல்கள் மொத்தத்தில் கப்பல்களின் பங்கு 1 விழுக்காடுதான். பெரும்பங்கு முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அந்த வைரஸ் முதலில் பிடிபட்டதுகூட ஒரு பள்ளிக்கூடத்தில். ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊரில் 1968-இல் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். 1972-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தது. அதற்காகப் பள்ளிக்கூடம் நோய்க்கூடு என்று எவரும் பிள்ளையை வீட்டில் நிறுத்தவில்லை.

"அப்போ டயமண்ட் பிரின்சஸ்?" என்று கேட்பார்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நின்ற அந்தக் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா வந்தது; நம் ஊர் ஊழியர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பயங்கரமான கதைதான். அதே ஆண்டு மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் வரைக்கும் தொற்று லாரி ஏறிப் போனதே, அதற்குப் பிறகு கத்தரிக்காய் வாங்க யார் பயந்தார்கள்? 2022 ஜனவரியில் இதே எம்பிரஸ் கப்பலில் மும்பை–கோவா பயணத்தின்போது 66 பேருக்குத் தொற்று உறுதியானது உண்மை. அதுவும் கப்பலில் இருந்த சுமார் 2,000 பேரையும் ஒருவர் விடாமல் சோதித்ததால் தெரிய வந்தது. அந்த வாரம் மும்பையின் எந்தத் திரையரங்கிலாவது அப்படிச் சோதித்தார்களா?

இனி, கப்பலில் போகிறவர்கள் செய்யும் தப்பு. சானிடைசர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதைத் தேய்த்துவிட்டால் கை சுத்தம் என்று நேரே உணவுக்கூடத்துக்குப் போகிறார்கள். கொரோனா விட்டுப்போன பழக்கம். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே இல்லை. ஆல்கஹாலுக்கு அது அவ்வளவு சுலபத்தில் மசியாது. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே போதும், 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். கையிலிருந்து அதை விரட்ட சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடித் தேய்ப்பும்தான் வழி. தரைக்கும் கைப்பிடிக்கும் குளோரின். சில வெளிநாட்டுக் கப்பல்களில் உணவுக்கூட வாசலில் ஊழியர்கள் பாட்டுப் பாடிக் கைகழுவச் சொல்வது வேடிக்கை என்று நினைத்து வீடியோ எடுக்கிறவர்கள், கையைக் கழுவிவிட்டு எடுத்தால் நல்லது.

இன்னொரு தப்பு மறைப்பது. வயிறு கலக்குகிறது என்று கப்பல் மருத்துவரிடம் சொன்னால் அறையிலேயே இருக்கச் சொல்லிவிடுவார். கொடுத்த காசு வீண். எனவே மாத்திரை போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்கும் நடன அரங்குக்கும் போய், ஒரு கைப்பிடி விடாமல் தொட்டுவிட்டு வருவார்கள். ஒருவருக்கு வந்தது நூறு பேருக்கு ஆவது பெரும்பாலும் இந்த மறைப்பால்தான்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்கத் தேவையில்லை.

கப்பலில் கடல் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்களாம். ஆமாம், உப்பை எடுத்துவிட்டுத்தான். வேளச்சேரியிலும் திருவான்மியூரிலும் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுவதையும், தினம் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024-இல் திறக்கப்பட்டதையும் விசாரிக்கட்டும். அது யார் வீட்டுக் குழாய்க்குப் போகிறது என்றும் விசாரிக்கட்டும். கப்பலில் கரையிலிருந்து ஏற்றும் தண்ணீரில்கூட லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும், கடைசிக் குழாயிலும் 0.2-க்குக் குறையக்கூடாது என்பது மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தின் விதி.

மஞ்சள் கொடி கட்டிய கப்பலில் நோய் இருக்கிறது என்பது பழைய காலத்துச் சங்கதி. இன்றைய சர்வதேசக் கொடி மொழியில் மஞ்சள் கொடியின் அர்த்தம் நேர் எதிரானது: "என் கப்பலில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி கொடுங்கள்." வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலின் தலைவர் நோய், மரணம் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் துறைமுகச் சுகாதார அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கப்பலின் சுகாதாரச் சான்றிதழுக்கு ஆயுள் 6 மாதம்தான்.

கடல் மயக்கம் நோய் கிடையாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் கண்ணுக்கும் நடக்கும் சண்டை. பெரிய கப்பலில் பக்கவாட்டுத் துடுப்புகள் ஆட்டத்தைக் குறைக்கின்றன. நடுவில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் இன்னும் நல்லது. ஏற்காடு பேருந்தில் எலுமிச்சம்பழம் மோந்தவர்கள் அதையே கொண்டு போகலாம், கெடுதல் இல்லை. ஆனால் பலன் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் கூடவே வெளியே வரும்.

கப்பல் மாமல்லபுரத்தில் நிற்கும், கடற்கரைக் கோயில் வாசலில் இறங்கிக்கொள்ளலாம் என்பது அப்பட்டமான கற்பனை. அவ்வளவு பெரிய கப்பல் அணையத் துறைமுகம் இங்கே இல்லை. சென்னையில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் பேருந்தில்தான் ஈ.சி.ஆர். வழியாக வருகிறார்கள்.

அந்தப் பேருந்து வந்து நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையில் பேசவேண்டிய விஷயம். 2021–22-இல் கட்டணம் வசூலிக்கும் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு இல்லை, மாமல்லபுரத்துக்கு: 1,44,984 பேர். பெருமைதான். அவர்கள் ஐந்து ரதம் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காரும் இடத்தில் கைகழுவும் தொட்டி இருக்கும், கண்ணாடி இருக்கும், பக்கத்தில் சாமி படமும் ஊதுபத்தியும் இருக்கும். சோப்பு? ஒரு மூலையில் பாதி தேய்ந்த கட்டி, அல்லது பாட்டிலில் பாதிக்குமேல் தண்ணீர் கலந்த இளஞ்சிவப்புத் திரவம். நோய்க்கூடு என்று நாம் பேர் வைத்த கப்பலிலிருந்து சுத்தமான வயிற்றோடு இறங்கி வந்தவர், நம் ஊரில் கையை நனைத்துக்கொண்டு, நம் கிருமியை வாங்கிக்கொண்டு மறுபடியும் கப்பல் ஏறுகிறார். மறுநாள் அங்கே யாருக்காவது வயிறு கலங்கினால் பழி கப்பலுக்கு.

அக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினம். பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் சோப்பு இருக்கிறதா என்று ஒரு சுற்று போய்ப் பார்த்து எழுதி, பெயரோடு வெளியிட்டால் பத்துப் படங்களுக்குச் சமம். கோவளம் கடற்கரை நீலக்கொடிச் சான்று வாங்கிய இடம். கழிப்பறை வசதியும் அந்தச் சான்றுக்கு ஒரு நிபந்தனை. அந்த வசதியைத் தெற்கே மாமல்லபுரம் வரை நீட்டிக்க மத்திய அரசின் திட்டம் எதுவும் வேண்டாம். கட்டணக் கழிப்பறைகளைக் குத்தகைக்கு விடும்போது எழுதும் ஒப்பந்தத்தில் வாளி, குவளை, விளக்கு, தண்ணீர் என்று பட்டியல் போடுகிறார்களே, அதில் சோப்பையும் ஒரு வரியாகச் சேர்த்து, தீர்ந்த நாளுக்கு அபராதம் இவ்வளவு என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.