மலைக்கு வரும் செய்தியோடை

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபோது கொடைக்கானல் மலைச் சாலைகளில் மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றது. பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகள் தோண்டிய பூண்டை மூட்டையாக்கி வண்டியேற்ற வேண்டுமாயின், ஒரு நாள் முந்திய எச்சரிக்கை பெரிது. அதற்காக நாள்தோறும் பத்து இணையதளங்களைத் திறந்து பார்ப்பது எவர்க்கு இயலும்?

1999-இல் தோன்றிய 'செய்தியோடை' முறை இதற்கு உதவும். தளத்தில் புதியது வெளியானவுடன் அதன் தலைப்பும் முகவரியும் ஓடைக் கோப்பில் சேரும். 'திரட்டி' என்னும் செயலி அக்கோப்பை அடிக்கடி சோதித்து, புதியதை மட்டும் காட்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சச்சேத்' தளம் எச்சரிக்கைகளை இவ்வாறே ஓடையாகவும் அளிக்கிறது. ஊராட்சி அலுவலகக் கணினியில் ஓடையின் முகவரியை ஒருமுறை பதித்தாற் போதும். ஆயினும் புயல் நெருங்கினால் மலையில் மின்சாரத்தை நம்புவதற்கில்லை. ஆதலின் உறுப்பினர்கள், வாசித்ததை அப்பொழுதே அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுதல் வேண்டும்.