நோயுற்ற திசுக்களில் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு: ஒப்பீட்டு மரபணுத் தேர்வு

முன்னுரை

ஒரு மரபணுவின் செயற்பாட்டை அதிலிருந்து உருவாகும் தூது ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு அறியலாம். இதற்கு நிகழ்நேரப் பாலிமரேஸ் தொடர்வினை பெரிதும் பயன்படுகிறது. திசுவின் அளவும் ஆர்.என்.ஏ.வின் தரமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால், நிலையானதாகக் கருதப்படும் ஒப்பீட்டு மரபணு ஒன்றும் உடன் அளக்கப்படுகிறது. நோயால் அம்மரபணுவே மாறுமாயின் அளவுகோலே பிழைபட்டதாகும்.

பிழையின் விளைவு

முழுத்திறனுடன் நிகழும் வினையில் ஒவ்வொரு சுழற்சியிலும் படிகள் இரட்டிக்கின்றன. நலமான திசுவில் ஆய்வுக்குரிய மரபணு 25ஆம் சுழற்சியிலும் ஒப்பீட்டு மரபணு 18ஆம் சுழற்சியிலும் வரம்பைத் தொடுவதாகக் கொள்ளலாம், வேறுபாடு 7. புற்றுத் திசுவில் முன்னது மாறாதிருக்க, பின்னது இருமடங்காகி 17ஆம் சுழற்சியில் தொட்டால் வேறுபாடு 8 ஆகும். லிவாக், ஷ்மிட்கன் ஆகியோர் 2001இல் விளக்கிய கணக்கீட்டின்படி, சிறிதும் மாறாத மரபணு பாதியாகக் குறைந்ததாக முடிவு கிடைக்கும். இல்லாத நோய்க்குறி ஒன்று இவ்வாறு உண்டாகிவிடுகிறது.

மாற்றத்திற்கான காரணங்கள்

மிகுதியாகப் பயன்படுத்தப்படும் ஜி.ஏ.பி.டி.எச். மரபணு, குளுக்கோஸைச் சிதைக்கும் நொதி ஒன்றுக்குரியது. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக நொதிக்கச் செய்வதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே எடுத்துக்காட்டினார். ஆக்சிஜன் குறைந்த கட்டிகளில் இம்மரபணுவின் வெளிப்பாடு உயர்வதுண்டு. பீட்டா ஆக்டின் உயிரணுச் சட்டகப் புரதமாதலால், உயிரணுவின் வடிவமும் இடப்பெயர்வும் மாறும் நோய்களில் அதுவும் மாறக்கூடும். மேலும், அழற்சியுற்ற திசுவில் வெள்ளணுக்கள் புகுவதால் உயிரணுக் கலவையே வேறாகிறது.

தேர்வு முறைகள்

வாண்டசோம்பீல் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஜிநார்ம் முறை, பல மரபணுக்களை இணையிணையாக ஒப்பிட்டு நிலையானவற்றைத் தெரிந்து, அவற்றின் பெருக்கல் சராசரியை அளவுகோலாக்குகிறது. இணை வேறுபாடு 0.15க்குக் கீழிருப்பின் மேலும் ஒரு மரபணுவைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது அதன் பரிந்துரை. எனினும், ஒரே கட்டுப்பாட்டின்கீழ் சேர்ந்து உயரும் இரு மரபணுக்களையும் இம்முறை நிலையானவை எனக் காட்டிவிடலாம். ஆதலின், வெவ்வேறு பணிகளைச் செய்யும் மரபணுக்களையே சோதனைக்கு எடுத்தல் வேண்டும். 2004இல் வெளிவந்த நார்ம்ஃபைண்டர், நலமுற்ற, நோயுற்ற குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் தனியே மதிப்பிடுவதால் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

முடிவுரை

எல்லாத் திசுக்களுக்கும் எல்லா நோய்களுக்கும் பொருந்தும் ஒப்பீட்டு மரபணு இல்லை. ஓர் ஆய்வில் நிலைத்தது மற்றோர் ஆய்விலும் நிலைக்கும் எனக் கொள்ளுதல் தகாது. தேர்ந்த மரபணுக்களையும் தேர்ந்தமைக்கான சான்றையும் வெளியிட வேண்டும் என 2009இல் வகுக்கப்பட்ட எம்.ஐ.க்யூ.இ. நெறிமுறைகள் வலியுறுத்துவது இதனாலேயே ஆகும்.