பௌர்ணமி பார்த்து வீடு பிடியுங்கள்

திருவண்ணாமலையில் முதல் முறை வீடு மாறிய அன்று பௌர்ணமி என்பது, பீரோவைக் குட்டி யானையில் ஏற்றிய பிறகுதான் உறைத்தது. ஊருக்குள் வண்டி விடவில்லை. பால் காய்ச்சக் குறித்த நேரம் தடுப்புக் கட்டைக்கு வெளியிலேயே கழிந்தது. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அன்றுதான். சான்றிதழ் பை பீரோவுக்குள், அதன் மேல் கட்டில், கட்டிலின் மேல் மெத்தை.

அதன் பிறகு இரண்டு வீடு பார்த்துவிட்டேன். வேலை தேடிக்கொண்டே வீடும் தேடுபவருக்கு இங்கே மூன்று வழி உண்டு.

மாட வீதிகளை ஒட்டி

ஜெராக்ஸ் கடை, கடைத்தெரு, பஸ் எல்லாம் நடை தூரம். விண்ணப்பம் நிரப்பும்போது ‘போட்டோ 50 கேபிக்குள் வேண்டும்’ என்று திரை அடம்பிடித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் பழைய வீடுகளைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்திருப்பார்கள். தண்ணீர் பொது, பைக் நிறுத்த இடம் தேட வேண்டும். கார்த்திகை தீபத் திருவிழாவில் கொடியேற்றம் முதல் 10ஆம் நாள் மகாதீபம் வரை வாசலே கூட்டம்தான். அந்த நாட்களில் பரீட்சை வந்தால் படிப்பது சிரமம்.

செங்கம் சாலை, ரமணாஸ்ரமம் பக்கம்

அமைதி வேண்டுமென்றால் இங்கே. ஆனால் வாடகைக்கு சீசன் உண்டு. மார்கழி, தை குளிரில் வெளிநாட்டினர் வந்து தங்கும்போது உரிமையாளரின் கணக்கு மாறும். “சீசனில் காலி பண்ணச் சொல்வீர்களா?” என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். 14 கி.மீ. கிரிவலப் பாதை இந்த வழியாகத்தான் போகிறது; பௌர்ணமி இரவில் அவசரத்துக்கு வண்டி எடுக்க முடியாது. குரங்குகளுக்கு ஜன்னலில் வலையும் தொட்டிக்கு இறுகிய மூடியும் இருக்கிறதா பாருங்கள்.

மலையடிவாரத்தில் எந்தப் பக்கம் வீடு கிடைத்தாலும், வாடகை மலிவு என்பதற்காகச் சரிவை ஒட்டிப் போகாதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

வேங்கிக்கால், வேலூர் சாலை

ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். புது வீடுகள், வண்டி நிறுத்த இடம், அக்கம்பக்கத்தில் அரசு ஊழியர்கள். சான்றிதழுக்கு அலைபவருக்கு ஏற்ற இடம். ஆனால் பைக் இல்லாமல் முடியாது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதை உரிமையாளரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

எங்கே பிடித்தாலும்

தனி மின் மீட்டரா, சப் மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே வசூலித்தால் அது உங்கள் கைக்கு வராது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் குடி போகமாட்டார்கள். அந்த மாதங்களில் டு-லெட் போர்டு பார்த்து, பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ பால் காய்ச்சுவது நல்லது.

எந்த முகவரியை எழுதுவது?

வேலை விண்ணப்பத்தில் நிரந்தர முகவரிக்கு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் உள்ளதையே எழுதுங்கள்; தொடர்பு முகவரிக்கு இப்போது இருக்கும் வீடு. இரண்டுக்கும் ஒன்றையே எழுதிவிட்டு அடுத்த வருடம் வீடு மாறினால், சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சிக்கு முகவரியைவிட செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் முக்கியம். ஹால் டிக்கெட்டை நாமே இணையத்தில் எடுத்துக்கொள்கிறோம், தபால்காரர் வரப்போவதில்லை. 150 ரூபாய் கட்டிச் செய்யும் நிரந்தரப் பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் எத்தனை வீடு மாறினாலும் சரி, சிம்மை மாற்றாதீர்கள். அங்கன்வாடி, கிராம உதவியாளர் வேலைகள் வேறு ரகம். அங்கே குடியிருப்பே தகுதி. எந்த ஊர்க்காரர் என்று காகிதத்தில் காட்ட வேண்டும்.

‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்ற வேலை விளம்பரத்தை நம்பி வீடு பிடித்துவிடாதீர்கள். செய்யாறு சிப்காட்டும் இதே மாவட்டம்தான். போளூர், ஆரணி தாண்டிப் போக வேண்டும்.

என் தீர்ப்பு

பரீட்சைக்குப் படிப்பவர் சீசன் நிபந்தனை இல்லாமல் கிடைத்தால் செங்கம் சாலைக்குப் போகலாம். சான்றிதழுக்கும் நேர்காணலுக்கும் ஓடுபவருக்கு வேங்கிக்கால். வண்டி இல்லாதவருக்கும் வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்கும் மாட வீதி. மூன்றில் எதுவானாலும் குட்டி யானைக்குச் சொல்லும் முன் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள். சான்றிதழ் பை மட்டும் உங்கள் தோளிலேயே வரட்டும்.