சாத்திர தானமும் தளரா முயற்சியும்

ஜினதருமம் இல்லறத்தாருக்கு வகுத்த கடமைகளுள் தானமும் ஒன்று. அஃது ஆகார தானம், அபய தானம், ஔடத தானம், சாத்திர தானம் என நால்வகைப்படும். பசித்தவனுக்கு உணவும், அஞ்சினவனுக்கு அடைக்கலமும், பிணியுற்றவனுக்கு மருந்தும் அளிப்பது அறம் என்பதை நாம் எளிதில் உணர்கிறோம். அறிவை நாடி வந்தவனுக்கு அறிவை வழங்குவதும் அவற்றோடு ஒப்ப எண்ணப்பட்ட அறமே என்பதைப் பலகாலும் மறந்துவிடுகிறோம். வந்தவர் நம் சமயத்தவர் அல்லர், முன்பின் அறிமுகமும் இல்லாதவர் என்றால் நாம் என் செய்ய வேண்டும்? இவ்வினாவுக்கு நம் காப்பியம் ஒன்றும், அக்காப்பியம் அச்சேறிய வரலாறும் விடை கூறுகின்றன.

காப்பியம் காட்டும் அயலார்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியின் தொடக்கமே பெருந்துன்பம். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தனை அமைச்சன் கட்டியங்காரன் வஞ்சித்து ஆட்சியைக் கவர்கிறான். கருவுற்றிருந்த அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கி அங்கே சீவகனை ஈன்றெடுக்கிறாள். இறந்த தன் மகவை அடக்கம் செய்ய அங்கு வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் அக்குழந்தையை எடுத்துச் சென்று தன் மகனாகவே வளர்க்கிறான். தன் துயரத்தில் மூழ்கியிருந்த வேளையிலும் அவன் கண் ஆதரவற்ற உயிரைக் காணத் தவறவில்லை. அந்த ஒரு செயலே பின்னர் விரியும் காப்பியம் முழுமைக்கும் வித்தாகிறது.

கும்பகோணத்தில் நிகழ்ந்தது

இனி, அக்காப்பியமே ஆதரவின்றிக் கிடந்த காலத்தை நோக்குவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் உ.வே. சாமிநாதையர். அவர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் கேட்டறிந்து, அவற்றுக்கும் முற்பட்ட சிந்தாமணி முதலிய நூல்களைப் பயின்றதுண்டா என வினவினார். ஐயர் பயின்றதில்லை. அன்று சிந்தாமணியின் பதின்மூன்று இலம்பகங்களுள் நாமகள் இலம்பகம் மட்டுமே 1868இல் அச்சாகியிருந்தது. எஞ்சியவை ஏட்டளவில் இருந்தன.

நூலை எடுத்துப் படித்த ஐயருக்குச் சொல்லின் சுவை புலனாயிற்று, பொருள் புலனாகவில்லை. நச்சினார்க்கினியர் உரையும் பல இடங்களில் சுருங்க உரைத்துச் சென்றது. சைவ நூல்களில் ஊறிய அவருக்கு ஜைன சமயக் கோட்பாடுகளும் வழக்குச் சொற்களும் புதியனவாய் இருந்தன. அந்நிலையில் அவ்வூரிலேயே ஜைனர்கள் வாழ்வதை அறிந்து அவர்கள் இல்லத்தை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாளைத் திருநாளாகக் கொண்டாடுவதைக் கண்டு வியந்தார். தமக்குப் பெயரளவிலும் அண்மையிலேயே அறிமுகமான நூல், அவ்வில்லங்களில் முறையாக ஓதப்படும் நூலாய் இருந்தது!

சந்திரநாத செட்டியார் முதலிய நம்மவர்கள் அவருடைய ஐயங்களைப் பொறுமையோடு தீர்த்து வைத்தனர். வேற்றுச் சமயத்தவருக்கு நம் நூற்பொருளை ஏன் உரைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை. ஐயரும், பிற சமயத்து நூலில் தமக்கு என்ன வேலை என்று ஒதுங்கவில்லை. பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, பொருட்செலவுக்கு அன்பர்களின் உதவியை நாடி, 1887ஆம் ஆண்டில் நூல் முழுவதையும் உரையுடன் வெளியிட்டார். ஏழாண்டு உழைப்பின் பயன் அது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அப்பெரும் பணிக்கு வாயில் திறந்தது சிந்தாமணியே.

பரீஷஹம் உணர்த்தும் பாடம்

துறவியர் பொறுத்து வெல்ல வேண்டிய துன்பங்கள் இருபத்திரண்டு என நம் ஆகமம் கூறும். அவை பரீஷஹங்கள் எனப்படும். பசி, தாகம், குளிர், வெப்பம் என்னும் உடற்றுன்பங்களோடு, நாடியது கிடைக்காமையாகிய அலாபமும், முயன்றும் அறிவு விளங்காமையாகிய அஞ்ஞானமும், அறிவினால் எழும் செருக்கும் அங்கே எண்ணப்படுகின்றன. இவை துறவியர்க்கு உரைத்தனவாயினும், இல்லறத்தாரும் தம் ஆற்றலுக்கு ஏற்பப் பயிலத் தக்கனவே. தேடிய ஏடு கிட்டாதபோது சோர்ந்துவிடாமலும், பொருள் விளங்காதபோது நூலை மூடிவிடாமலும், ஆசிரியராய் இருந்தும் அறிந்தவரை அணுகிக் கேட்க நாணாமலும் இருந்த ஐயரிடம் இம்மூன்றையும் வெல்லும் பண்பின் சாயலைக் காண்கிறோம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. விடாமுயற்சி ஐயரிடம் மட்டும் இருந்ததன்று. அச்சு நூல் இல்லாத காலத்தில் ஏட்டைப் பேணி, முறையாக ஓதி, பொருளை மறவாது காத்த அவ்வில்லங்களிலும் அது இருந்தது. கைவசம் இல்லாத பொருளை எவரும் தானம் செய்ய இயலாது. அவர்கள் ஓதுதலைக் கைவிட்டிருந்தால், ஐயர் தட்டிய கதவு திறந்திருக்கும்; விடை கிடைத்திராது.

நம் கடமை

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே அவற்றின் இயல்பு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. இன்று சிந்தாமணி அச்சில் எளிதில் கிடைக்கிறது. ஆயினும், நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அதன் ஓர் இலம்பகத்தையேனும் பொருளுணர்ந்து படித்துள்ளனர்? நம் ஆலயத்தைக் காண வரும் அயலூர் மாணவர் ஒருவர் இரத்தினத்திரயம் யாது, குணஸ்தானம் யாது என்று கேட்டால், அர்ச்சகரைச் சுட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோமா, அன்றி அமர வைத்து விளக்குகிறோமா? வீட்டுப் பரணில் ஏடுகள் இருப்பின் அவற்றைச் செல்லுக்கு இரையாக்காமல் கற்றோரிடம் காட்டுவதும் சாத்திர தானமே.

வாரம் ஒரு நாள், குடும்பத்தார் கூடி பத்துப் பாடல்களையேனும் ஓதிப் பொருள் காண்போம். நம் வாயிலுக்கு வரும் அடுத்த அயலாருக்கு வழங்க நம்மிடம் ஏதேனும் இருக்கட்டும்.

சிந்தனைக்கு:

1. நால்வகைத் தானங்களுள் நம் இல்லத்தில் மிகக் குறைவாக நிகழ்வது எது? ஏன்?

2. அலாபம், அஞ்ஞானம் ஆகிய பரீஷஹங்களை இல்லறத்தார் எவ்வாறு பயிலலாம்?

3. கந்துக்கடன் செயலையும் கும்பகோணத்து ஜைனர்கள் செயலையும் ஒப்பிட்டுக் கூறுக.