கைக்கு ஏற்ற பிரஷ்

பெரியவர் ஒருவர். 40 ஆண்டுகள் கல் உடைத்தவர். இப்போது அவர் விரல்கள் சரியாக மடங்குவதில்லை. சவரம் செய்யும்போது பிரஷ் நழுவி விழுகிறது.

"நான் சோப்புப் போட்டு விடட்டுமா, அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம் அம்மா. என் வேலையை நானே செய்வேன்" என்றார் அவர்.

மகள் கடைக்குப் போனாள். தடித்த பிடி உள்ள பிரஷ் 120 ரூபாய். அவ்வளவு பணம் இல்லை. மெல்லிய பிடி உள்ளதைக் கேட்டாள்.

"60 ரூபாய்" என்றார் கடைக்காரர்.

மகள் அட்டையைத் திருப்பிப் படித்தாள். அதிகபட்ச சில்லறை விலை 45 ரூபாய்.

"இந்த விலையில் வரியும் அடக்கம் அண்ணே. இதற்கு மேல் வாங்கக் கூடாது" என்றாள்.

கடைக்காரர் 45 ரூபாய்க்கே தந்தார்.

வீட்டில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்தாள். பிடியின் மேல் இறுகச் சுற்றிக் கட்டினாள். பிடி தடித்தது. மறுநாள் அப்பா தானே நுரை போட்டார். பிரஷ் நழுவவில்லை.

நினைவில் வையுங்கள்

1. பெரிய கைக்கும் மடங்காத விரலுக்கும் தடித்த பிடி நல்லது. சிறிய கைக்கு மெல்லிய பிடி போதும்.

2. நைலான் பிரஷ் விலை குறைவு. சீக்கிரம் காயும்.

3. சவரம் முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவி, உதறி, காய வையுங்கள்.

4. ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. ரத்தம் மூலம் நோய் பரவலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள சோப்பு உறையை எடுங்கள். அதில் விலை எங்கே இருக்கிறது? படியுங்கள். எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள்?