அலுமினிய சீவலை ஒரே டிரம்மில் கொட்டினால் என்ன ஆகும்?

சிஎன்சி மெஷின்ல 2 கிலோ அலுமினிய பிளாக்கை மாட்டி ஒரு ஹவுசிங் செய்றோம்னு வெச்சுக்கலாம். கடைசில கையில வர்ற பார்ட் 800 கிராம்தான். மிச்சம் 1.2 கிலோ சீவலா டிரேயில விழுந்துடும். காசு கொடுத்து வாங்கின மெட்டீரியல்ல பாதிக்கு மேல ஸ்கிராப். கோயம்புத்தூர் பக்கம் நாலஞ்சு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ற பட்டறைக்கு, இந்தச் சீவல் விக்கிற காசு கரண்ட் பில்லுக்கு உதவுற காசு. ஆனா பல இடத்துல எல்லாச் சீவலையும் கூலன்ட் சொட்டச் சொட்ட ஒரே டிரம்மில கொட்டி, ஸ்கிராப் கடைக்காரர் சொல்ற விலைக்கே கொடுத்துடுறாங்க. அவர் ஏன் விலையைக் குறைக்கிறார்னு கொஞ்சம் மெட்டலர்ஜி வெச்சுப் பார்க்கலாம்.

முதல்ல, அவர் ஏன் வாங்குறார்? ஒரு டன் புது அலுமினியம் வேணும்னா சுமார் 4 முதல் 5 டன் பாக்சைட் தோண்டணும். அதுல இருந்து 2 டன் அலுமினா எடுத்து, சுமார் 950 டிகிரி செல்சியஸ்ல மின்பகுப்பு பண்ணணும். 1886-ல் கண்டுபிடிச்ச ஹால்-ஹெரோல்ட் முறைதான் இன்னைக்கும். ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் கரண்ட் ஆகும். ஸ்கிராப்பை உருக்க 660 டிகிரியைத் தாண்டினா போதும். புதுசா எடுக்கிற எனர்ஜில சுமார் 5 சதவீதம்தான் செலவு. மிச்சமாகுற அந்த 95 சதவீதம்தான் ஸ்கிராப்போட உண்மையான மதிப்பு.

அலுமினியத்தை எத்தனை தடவை வேணும்னாலும் ரீசைக்கிள் பண்ணலாம்னு எல்லா புக்லயும் இருக்கும். உண்மைதான், ஆனா பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டுக்கணும். ஸ்டீல் உருக்கும்போது ஆக்சிஜன் ஊதினா சிலிக்கான், மாங்கனீஸ் எல்லாம் எரிஞ்சு கசடா மேல வந்துடும். அலுமினியத்துல இந்த வேலை நடக்காது. எல்லிங்ஹாம் டயகிராமை ஞாபகப்படுத்திப் பாருங்க (எக்ஸாமுக்கு வரைஞ்சு மறந்த அதே படம்தான்). அலுமினியம் ஆக்சைடோட கோடு ரொம்பக் கீழே இருக்கும். ஆக்சிஜன் ஊதினா இரும்பு, காப்பர், ஜிங்க் எரியுறதுக்கு முன்னாடி அலுமினியமே எரிஞ்சு போயிடும். மெக்னீசியத்தை மட்டும் குளோரின் விட்டு எடுக்கலாம். மத்ததெல்லாம் ஒரு தடவை உள்ளே போனா போனதுதான். சுத்தமான அலுமினியத்தைச் சேர்த்து டைல்யூட் பண்ண வேண்டியதுதான், அதுக்குத் தனிச் செலவு.

கணக்கு போட்டுப் பாருங்க. டிரம்மில 90 கிலோ 6061 சீவல். அதுல 7075 சீவல் வெறும் 10 கிலோ கலந்துடுச்சு. 7075-ல் ஜிங்க் சுமார் 5.5 சதவீதம் இருக்கும். உருக்கினா மொத்த 100 கிலோவிலும் ஜிங்க் 0.55 சதவீதம். 6061-க்கு அனுமதி 0.25 சதவீதம்தான். பத்து கிலோ சேர்ந்து தொண்ணூறு கிலோவைக் கெடுத்துடுச்சு! இந்தக் கலவை திரும்ப 6061 ஆகாது. ஏடிசி 12 மாதிரி டை காஸ்டிங் அலாய்க்குத்தான் போகும்; அதுல ஜிங்க் 1 சதவீதம் வரைக்கும் தாங்கும். வீணாகலை, ஆனா ஒரு படி இறங்கிடுச்சு. விலையும் அப்படித்தான். இரும்புத் துகள் கலந்தா இன்னும் மோசம்: காஸ்டிங்ல ஊசி ஊசியா படிகம் உருவாகி, அந்த இடத்துல விரிசல் விடும்.

அடுத்தது ஈரம். 100 கிலோ ஈரச் சீவல்ல 15 கிலோ கூலன்ட்னு வைங்க. மெட்டல் 85 கிலோ. சீவல் மெல்லிசா இருக்கிறதால மேற்பரப்பு அதிகம், உருக்கும்போது எரிஞ்சு கசடாகுறதும் அதிகம். அதுல 10 சதவீதம் போச்சுன்னா கையில 76.5 கிலோ. இந்தக் கணக்கு கடைக்காரருக்கு நல்லாவே தெரியும், அதனால சந்தேகத்துக்கும் சேர்த்தே கழிப்பார். இது காசு விஷயம். உருக்குற ஆளுக்கு இது உயிர் விஷயம். ஈரச் சீவல் உருகின அலுமினியத்துக்குள்ள மூழ்கிட்டா, தண்ணி ஒரே நொடியில ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல விரியும். கூடவே அலுமினியத்தோட வினைபுரிஞ்சு ஹைட்ரஜன் வரும். உருகின மெட்டல் கூரை வரைக்கும் தெறிக்கும். வெடிக்கலைன்னாலும் கொஞ்சம் ஹைட்ரஜன் உள்ளேயே கரைஞ்சு, உறையும்போது குட்டிக் குட்டி ஓட்டையா நிக்கும். பம்ப் பாடியில அப்படி ஓட்டை இருந்தா பிரஷர் டெஸ்ட்ல கசியும்.

பட்டறையில பெரிய செலவு பண்ணத் தேவையில்லை. அலாய்க்கு ஒரு டிரம், மேல பெயின்ட்ல பெரிசா நம்பர். ஜாப் மாறும்போது டிரேயைச் சுத்தமா கூட்டிட்டு டிரம்மையும் மாத்தணும். இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. இரும்புக்கு ஒரு காந்தம். பேர் தெரியாத துண்டு கிடைச்சா, தேய்ச்சுச் சுத்தம் பண்ணி ஒரு சொட்டு காஸ்டிக் சோடா கரைசல் விடுங்க. கிளவுஸ், கண்ணாடி கட்டாயம். 2024, 7075 மாதிரி காப்பர் அதிகமுள்ள அலாய் கறுத்துடும், 6061 பெரிசா கறுக்காது. கையில பிடிக்கிற எக்ஸ்ரே கன் இதைவிடத் துல்லியம்தான், ஆனா விலை அதிகம். அதுவும் மெக்னீசியம் மாதிரி லேசான தனிமத்துல தடுமாறும். ஈரத்துக்கு, ஓட்டை போட்ட சாய்வுத் தட்டுல ஒரு ராத்திரி வடிய விடுறதே பெரிய வித்தியாசம். வடியுற கூலன்டை வடிகட்டித் திரும்ப ஊத்திக்கலாம். சீவலைச் சுத்தவிட்டு உலர்த்துற மெஷின், அழுத்திக் கட்டியாக்குற பிரஸ் எல்லாம் மாசம் டன் கணக்குல சீவல் வர்றவங்களுக்கு.

விலை பேசப் போறதுக்கு முன்னாடி இதையும் செய்யலாம். வடிஞ்ச சீவல்ல சரியா ஒரு கிலோ எடுத்து, காத்தோட்டமான இடத்துல, 110 டிகிரி அவன்ல எடை குறையுறது நிக்கிற வரைக்கும் வெச்சு, மறுபடி எடை போடுங்க. 940 கிராம் வந்தா ஈரம் 6 சதவீதம். கடைக்காரர் 15 சதவீதம் கழிக்கிறேன்னு சொன்னா, அவர் முன்னாடியே இன்னொரு கிலோவை உள்ளே வைங்க.